பீட் புகை விஸ்கி: முதல் ரெண்டு பாட்டில் எது, பிபிஎம் எண்ணை நம்பலாமா?

குறுக்குத்துறை:

மச்சான் அடுத்த மாசம் துபாயிலருந்து திருவனந்தபுரம் வழியா ஊருக்கு வாரான். தீர்வை இல்லாம ஆளுக்கு ரெண்டு லிட்டர் விடுவாங்க. அதுக்குள்ள என்ன வாங்கச் சொல்லலாம்னு கேக்கத்தான் இந்த இழை.

நாக்குக்குப் பழக்கம் கிளென்ஃபிடிக் 12, கிளென்லிவெட் 12, பொறவு ஜானி வாக்கர் பிளாக் லேபில். பிளாக் லேபில்ல முழுங்கின பொறவு லேசா ஒரு புகை நிக்கும்லா, அது பிடிச்சிருக்கு. அந்தப் புகையை சிங்கிள் மால்ட்ல (ஒரே ஆலையில, மால்ட் பார்லி மட்டும் வச்சு வடிச்ச விஸ்கி) முழுசாப் பாக்கணும்.

குழப்பம் எங்கன்னா, இணையத்துல கெடக்க பட்டியல்ல பிபிஎம்ங்குத புகைக் கணக்குல ஆர்ட்பெக் 55, லாஃப்ராய்க் 45, லாகவூலின் 35, டாலிஸ்கர் 20 சொச்சம்னு போட்டிருக்கு. அப்போ லாகவூலினை விட ஆர்ட்பெக்ல ஒன்றரை மடங்கு புகை இருக்குமா? குடிச்சவங்கள்ல பாதிப்பேரு லாகவூலின்தான் கனம்னு சொல்லுதாங்க. லாஃப்ராய்க் டெட்டால் வாசம், காசு தெண்டம்னு ஒருத்தர். அதுக்கு மேல ஒண்ணு கிடையாதுன்னு இன்னொருத்தர்.

வரப்போறது ரெண்டு பாட்டில். ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரியணும். எதை எடுக்கலாம்? நம்மூர் வெயில்ல ஐஸ் இல்லாமக் குடிக்க முடியுமாங்கதையும் சேத்துச் சொல்லுங்க அண்ணாச்சிமாரே.


தேரிக்காடு:

பாட்டில் தேர்வை மற்றவர்கள் சொல்லட்டும். பிபிஎம் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் முக்கால்வாசிக் குழப்பம் அங்கேதான்.

அந்த எண் பாட்டிலுக்குள் இருக்கும் விஸ்கியில் எடுத்த அளவே அல்ல. அரைப்பதற்கு முன், மால்ட் ஆக்கிய, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியில் எடுத்த அளவு. முளைவிட்ட பார்லி ஈரமாக இருக்கும்போது சூளையில் பீட்டை எரித்துப் புகை விடுவார்கள். பீட் என்பது சதுப்பில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக மக்கி இறுகிய செடிகொடி. தானியத்தின் மேல்தோலில் ஈரம் இருக்கும்வரைதான் புகையிலுள்ள ஃபீனால்கள் (புகை வாசத்தைத் தரும் வேதிப்பொருள்கள்) உமியில் ஒட்டும். தோல் காய்ந்தபின் எவ்வளவு எரித்தாலும் பெரிதாக ஏறாது. அப்படி ஒட்டிய ஃபீனால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பதே பிபிஎம்.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் நஷ்டக் கணக்கு. மால்ட் மாவைச் சுடுநீரில் கரைத்து வடிக்கும்போது உமிச் சக்கையோடு ஒரு பகுதி போகும். இரண்டு முறை காய்ச்சி வடிக்கும்போது கொப்பரையின் அடியில் தங்கும் கழிவோடு இன்னும் நிறையப் போகும். பீப்பாயில் வருஷம் ஏற ஏற மிச்சமும் குறையும். 16 வருஷ லாகவூலினை விட 8 வருஷ லாகவூலின் புகையில் முந்துவது இதனால்தான். அதோடு 8 வருஷத்ததில் ஆல்கஹால் 48%, 16 வருஷத்ததில் 43%.

நஷ்டத்தின் அளவு ஆலைக்கு ஆலை மாறும். இரண்டாவது காய்ச்சலில் முதலில் ஓடிவரும் தலையை ஒதுக்குவார்கள். நடுப்பகுதி பீப்பாய்க்குப் போகும். கடைசியில் வரும் வாலையும் ஒதுக்கி அடுத்த காய்ச்சலில் சேர்ப்பார்கள். பழவாசனை தரும் எஸ்டர்கள் முன்னால் வந்துவிடும். ஃபீனால்கள் பின்னால்தான் வரும். ஆகவே நடுப்பகுதியைச் சீக்கிரம் நிறுத்தினால் புகை குறைவு, நீட்டினால் கனம். லாஃப்ராய்க்கில் தலையை முக்கால் மணி நேரம் போல ஓடவிட்டு ஒதுக்குகிறார்கள். முன்னால் வரும் பழவாசனையில் பெரும்பங்கு அதோடு போய்விடும், மருந்து வாசம் துலக்கமாக நிற்கும். ஆர்ட்பெக்கில் வடிகொப்பரையின் குழாயில் ஒரு வடிகலம் உண்டு. கனமான ஆவி அதில் குளிர்ந்து திரும்பக் கொப்பரைக்குள் விழும். 55 பிபிஎம் மால்ட் போட்டும் ஆர்ட்பெக்கில் எலுமிச்சை இனிப்புத் தெரிவதற்கு அது ஒரு காரணம்.

எண்ணை நம்பக்கூடாது என்பதற்கு நல்ல சாட்சி லாகவூலினும் கோல் ஈலாவும். இரண்டுக்கும் மால்ட் ஐலா தீவின் போர்ட் எலன் சூளையிலிருந்து வருகிறது, பிபிஎம்மும் ஏறக்குறைய ஒன்றே, 35 பக்கம். லாகவூலினில் பேரிக்காய் வடிவக் கொப்பரை, குழாய் கீழ்நோக்கிச் சரியும், மெதுவாகக் காய்ச்சுவார்கள். கோல் ஈலாவில் கொப்பரை உயரம், ஆவி செம்போடு உரசும் நேரம் அதிகம். முதலாவது கனத்து எண்ணெய்ப் பதமாக வரும், இரண்டாவது மெலிந்து சுத்தமாக வரும்.

இன்னொன்று. பிபிஎம் மொத்த ஃபீனால்களைச் சேர்த்துச் சொல்கிறது, வகை பிரித்துச் சொல்வதில்லை. குவாயகால் விறகுப் புகை வாசம், மிகக் கொஞ்சம் இருந்தாலே மூக்குப் பிடித்துவிடும். கிரெசால்கள் தார், லைசால், ஆஸ்பத்திரி வராந்தா. வெறும் ஃபீனால் கார்பாலிக் சோப்பு. இரண்டு விஸ்கிக்கு ஒரே எண் இருந்து இந்த விகிதம் மட்டும் மாறினால் இரண்டும் வேறு வேறு விஸ்கி. விகிதத்தை மாற்றுவதில் பீட் வெட்டிய இடத்துக்கும் பங்கு உண்டு. ஐலாவில் மரம் குறைவு, பாசிச் சதுப்பு அதிகம், மருந்து வாசமும் தாரும் தூக்கும். ஆர்க்னி தீவின் ஹாபிஸ்டர் சதுப்பில் ஹெதர் செடி அதிகம், ஹைலேண்ட் பார்க்கின் புகையில் பூவும் தேனும் தெரியும்.

பெரிய எண்ணைப் பார்த்து ஆக்டோமோர் வாங்குபவர்களுக்கும் இதுவே பதில். அதன் 8.3 பதிப்பு 309 பிபிஎம். ஆர்ட்பெக்கைப் போல ஆறு மடங்கு புகையை எந்த நாக்கும் அதில் உணராது.


கொக்கிரகுளம்:

தேரிக்காடு அண்ணாச்சி வேதியியலை முடிச்சுட்டாங்க. நான் பாட்டிலுக்கு வாரேன்.

கிளென்லிவெட் நாக்கோட வாரவங்களுக்கு நேரா லாஃப்ராய்க்கைக் கொடுத்தா மொகத்தைச் சுளிப்பாங்க, அதுல தப்பு ஒண்ணும் இல்ல. படிப்படியா ஏறணும். அடிப்படி பென்ரோமாக் 10, 43%. ஸ்காட்லாந்துல ஸ்பேசைடு வட்டாரத்துல லேசா புகை போடுத ஆலை. மால்ட்டும் ஆரஞ்சுத் தோலும் முன்னால வரும், புகை பின்னால ஒரு கோடு மாதிரி நிக்கும். ஹைலேண்ட் பார்க் 12 இன்னும் சாது. போமோர் 12 ஐலாக்காரந்தான், ஆனா 25 முதல் 30 பிபிஎம், 40%. எலுமிச்சையும் சாம்பலும் நல்லாத்தான் இருக்கும், ஆனா உடம்பு, அதாவது வாய்ல தெரியுத கனம், கொஞ்சம் மெலிவு. தண்ணி ரெண்டு சொட்டு கூடிப்போனா நீத்துப்போகும்.

டாலிஸ்கர் 10 ஸ்கை தீவுச் சரக்கு, 45.8%. இங்கனதான் விளையாட்டு தொடங்குது. முதல்ல இனிப்பு, நடு நாக்குல உப்பு, முழுங்குறப்போ தொண்டையில நல்லமிளகு. அந்த மிளகுதான் அடையாளம், வேற எதுலயும் இவ்வளவு தெளிவா வராது. வடிச்ச ஆவியைப் பழைய முறையில தண்ணித்தொட்டிக்குள்ள சுத்துத செம்புச் சுருள்குழாய்ல குளிர வைக்காங்க. செம்பு உரசுதது கம்மி, அதனால சரக்குல கனம் தங்கும். உப்புன்னு சொன்னேன்லா, அது வாசனை கொடுக்குத நினைப்புதான். தூத்துக்குடி அளத்துல அள்ளிப் போட்டாப்புல நெசமான உப்பு உள்ள கெடக்கும்னு நெனச்சுறாதீங்க.

கோல் ஈலா 12, 43%. வெளுத்த நிறம், எலுமிச்சைத் தோல், ஈரச் சாம்பல், கொஞ்சம் எண்ணெய்ப் பதம். புகை நிறைய இருக்கும், ஆனா முரட்டுத்தனம் கிடையாது. உங்களுக்குப் பிளாக் லேபில் புகை பிடிச்சிருக்குங்கீங்கள்லா, அதுல சேருத முக்கியமான மால்ட்ல இது ஒண்ணு.

ஆர்ட்பெக் 10, 46%. குளிரவச்சு வடிகட்டாதது. மூக்குக்குப் போனவுடனே தார், அணைஞ்ச அடுப்பு, அதுக்குப் பின்னால எலுமிச்சையும் வெண்ணிலாவும். வாய்ல போட்டா நெனச்சதை விட இனிக்கும். முடிவு நீளம், கரிச்சாம்பலும் கறுப்புக் காப்பியும் ரொம்ப நேரம் நிக்கும்.

லாகவூலின் 16 வேற சாதி. வேகமே கிடையாது, மெதுவா விரியும். கறுப்புத் தேத்தண்ணி, காஞ்ச பழம், அயோடின், சந்தன மரப்பெட்டியைத் திறந்தாப்புல ஒரு வாசம். புகை அளவுல ஆர்ட்பெக் மேல. உடம்புல லாகவூலின் மேல. ‘கனம்’னு சொல்லுதவங்க புகையைச் சொல்லல, உடம்பைச் சொல்லுதாங்க.

லாஃப்ராய்க் 10 சந்தைக்குச் சந்தை 40%, 43%னு மாறும், லேபிலைப் பாத்து 43 கிடைச்சா எடுங்க. டிங்ச்சர் அயோடின், பேண்டேஜ் துணி, கடல்பாசி, அதுக்கு அடியில வெண்ணிலா இனிப்பு. டெட்டால்னு சொன்ன ஆளு பொய் சொல்லல. அந்த வாசத்தை ஆஸ்பத்திரியோட சேத்து வச்சிருக்க மூக்குக்கு அது தெண்டந்தான். பழகிட்டா மத்ததெல்லாம் சப்புன்னு தோணும். கோட்டர் காஸ்க் 48%, சின்னப் பீப்பாய்ல கொஞ்ச காலம் வச்சு எடுக்கது, ஓக் இனிப்பு தூக்கலா இருக்கதால புதுசா வாரவங்களுக்கு அது லேசு.

போர்ட் ஷார்லட் 10, 50%. புருக்லாடி ஆலையோட 40 பிபிஎம் சரக்கு. மாட்டுத்தொழுவம், வெண்ணெய், சுட்ட கறி. நல்ல சாமான், ஆனா முதல் பாட்டிலுக்கு வேண்டாம். ஸ்ப்ரிங்பேங்க்கை விட்டுருங்க, விலையும் தட்டுப்பாடும் இப்போ நியாயமா இல்ல.

என் கணக்கு: டாலிஸ்கர் 10, ஆர்ட்பெக் 10. ரெண்டும் பத்து வருஷம், ரெண்டும் பெரும்பாலும் போர்பன் (அமெரிக்க விஸ்கி) இருந்த பீப்பாய், 45.8-க்கு 46. வயசு, பீப்பாய், சரக்கு வீரியம் மூணும் ஒண்ணாப் போயிட்டா மிச்சம் நிக்க வித்தியாசம் புகையும் ஆலையுந்தான். படிக்க இதைவிட நல்ல சோடி இல்ல.

வாங்குறப்போ ஒரு விஷயம். 700 மில்லி பாட்டில் மூணு எடுத்தா 2.1 லிட்டர், கணக்கைத் தாண்டிரும். ஒரு லிட்டர் பாட்டில் ரெண்டு எடுத்தா சரியா இருக்கும். அங்கன விமான நிலையக் கடைக்குன்னே தனிப் பதிப்பு இருக்கும், லாஃப்ராய்க் ஃபோர் ஓக், டாலிஸ்கர் டார்க் ஸ்டார்ம் மாதிரி. வயசு போட்டிருக்காது, வழக்கமான பத்து வருஷச் சரக்கும் அதுவும் ஒண்ணில்ல. பேரை மட்டும் சொல்லி அனுப்பாதீங்க, லேபில் படத்தை மச்சானுக்கு வாட்ஸாப்ல போட்டு விடுங்க.


முண்டந்துறை:

கொக்கிரகுளத்தார் சோடி நல்ல சோடிதான், ஆனா கேட்டவருக்கு அது சரிப்படாது வே. அவருக்குப் பிடிச்சது பிளாக் லேபில் புகை. டாலிஸ்கர் மிளகு முதல் வாய்லயே அவரைத் திசை திருப்பிரும், புகையைப் பத்திப் படிக்க வந்துட்டு மிளகைப் பத்திப் படிச்சிட்டுப் போவாரு.

கோல் ஈலா 12, லாகவூலின் 16 எடுங்க. தேரிக்காடு சொன்னபடி ஒரே சூளை மால்ட், ரெண்டும் 43%. ஒரே புகை ரெண்டு கொப்பரையில எப்படி ரெண்டா ஆகுதுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம். நாலு வருஷ வயசு வித்தியாசமும் பீப்பாய் வித்தியாசமும் நடுவுல வருது, ஒத்துக்கிடுதேன். ஆனா கையில பிடிக்கக் கெடைக்குத சோடி அதுதான்.

நிறத்தைப் பாத்து மட்டும் ஏமாறாதீங்க. ஸ்காட்ச்ல கேரமல் நிறம் சேர்க்க சட்டம் விடுது. கோல் ஈலா வெளுப்பா இருக்கதால புகை கம்மின்னு கடைக்காரன் சொன்னா கேக்காதீங்க. கறுத்த நிறத்துக்கும் பீட்டுக்கும் சம்பந்தமே இல்ல, அது பீப்பாயோ சாயமோ கொடுத்தது.

அவசரமா இப்பவே பீட் பழகணும்னா வெளிநாட்டுக்கு ஏன் போகணும்? பெங்களூரு அம்ருத் பீட்டட் 46%, கோவா பால் ஜான் போல்ட் 46% ரெண்டும் நெசமான சிங்கிள் மால்ட். பீட் வாரது ஸ்காட்லாந்துலருந்துதான், பீப்பாய் முதிர்ச்சி நம்ம வெக்கையில. ஸ்காட்லாந்துல வருஷத்துக்கு ரெண்டு சதவீதம் ஆவியாப் போனா பெங்களூருல பத்துக்கு மேல போகுது. அதனால ஓக்கும் இனிப்பும் சீக்கிரம் ஏறும், அதுக்கு மேல புகை உக்காந்திருக்கும். அம்ருத் ஃப்யூஷன் 50%. அதுல கால்பங்குதான் பீட் போட்ட ஸ்காட்லாந்து பார்லி, முக்கால்பங்கு நம்மூரு பார்லி. பிளாக் லேபிலுக்கு அடுத்த படியா அது பொருத்தமா இருக்கும்.


குறுக்குத்துறை:

ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணாச்சி. கோல் ஈலாவும் ஆர்ட்பெக்கும்னு ஒரு முடிவுக்கு வந்திருக்கேன், சண்டை வேண்டாம். இனிமே குடிக்குத முறை. தண்ணி எவ்வளவு? தாமிரபரணித் தண்ணியே ஊத்தலாமா? சோடா? ரெண்டையும் ஒரே நாள்ல எப்படிப் பாக்கது? திறந்த பாட்டில் நம்ம வெக்கையில எத்தன மாசம் தாங்கும்?


சந்திப்பிள்ளையார் முக்கு:

முதல்ல சூட்டைக் கவனிங்க. விஸ்கி புத்தகத்துல ‘அறை வெப்பம்’னு சொன்னா 18, 20 டிகிரி. பாளையங்கோட்டையில சித்திரை மாசம் சாயங்காலம் வீட்டுக்குள்ளயே 34, 35 இருக்கும். அந்தச் சூட்டுல ஊத்தினா ஆல்கஹால் ஆவிதான் முதல்ல மூக்குல அடிக்கும், புகையும் பழமும் அதுக்குப் பின்னால மறைஞ்சிரும். ‘எரியுது, முரடா இருக்கு’ன்னு ஆர்ட்பெக் மேல பழியைப் போடுததுல பாதி இதுதான். ஊத்துன தம்ளரை ஒரு தட்டு போட்டு மூடி ஃபிரிட்ஜ்ல பத்து நிமிஷம் வைங்க. ஃப்ரீசர் வேண்டாம். ரொம்பக் குளிர்ந்தா வாசனை அடங்கிரும், கசப்பும் சாம்பலும் மட்டும் மிஞ்சும். ஐஸ் போட்டாலும் அதே கதைதான், மேல தண்ணியும் சேருது. ஃபிரிட்ஜ்ல மத்த சாமான் வாசம் ஏறாம இருக்கத்தான் மூடி. மீன் கொழம்பு இருந்தா அன்னைக்கு வேற வழி பாருங்க.

தம்ளர் வாய் குறுகி அடி அகன்றதா இருக்கணும். கிளென்கெய்ர்ன் இல்லேன்னா சின்ன ஒயின் தம்ளர் போதும். நேரா அகன்ற விஸ்கி தம்ளர்ல வாசம் நிக்காது. ஒரு ஆளுக்கு ஒரு விஸ்கி 20 மில்லி போதும். மருந்துக்கடையில 5 மில்லி சிரிஞ்சு ஊசி இல்லாம வாங்கிக்கிடுங்க, தண்ணி அளக்க அதுதான் சரி. கையால ஊத்துனா எல்லாம் கூடிப்போகும்.

கணக்கு இதுதான்: இருக்க மில்லியை இருக்க சதவீதத்தால பெருக்கி, வேணுங்க சதவீதத்தால வகுத்து, முதல்ல இருந்த மில்லியைக் கழிக்கணும். ஆர்ட்பெக் 20 மில்லி 46%லருந்து 40%க்கு எறங்கணும்னா 20×46÷40 = 23, ஆக 3 மில்லி தண்ணி. கோல் ஈலா 43%லருந்து 40க்கு ஒன்றரை மில்லிதான். இதைச் சொல்லுததுக்குக் காரணம் இருக்கு. ரெண்டையும் ஒரே வீரியத்துக்குக் கொண்டு வராம ஒப்பிட்டா, சரக்கு கூடினது புகை கூடினது மாதிரித் தோணும். முதல் வாய் தண்ணி இல்லாம, பொறவு பாதித் தண்ணி, பொறவு மீதி. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு நிமிஷம் விட்டு மோந்து பாருங்க.

ஆத்துத் தண்ணி மேல பாசம் எல்லாருக்கும் உண்டு. ஆனா குழாய்ல வாரது குளோரின் போட்ட தண்ணி. அதை நேரா ஊத்துனா விஸ்கியில இல்லாத மருந்து வாசத்தை நீங்களே சேத்த மாதிரி. கொதிக்க வச்சு ஆற வச்சா குளோரின் போயிரும். போர்த் தண்ணி உப்புக் கரிக்கும், அது வேண்டவே வேண்டாம். கேன் தண்ணி போதும்.

வரிசை எப்பவும் லேசுலருந்து கனத்துக்கு. கோல் ஈலா முன்னால, ஆர்ட்பெக் பின்னால. திருப்பிப் போட்டா கோல் ஈலாவுல ஒண்ணுமே இல்லன்னு தோணும், நாக்குல ஆர்ட்பெக் கரி இன்னும் இருக்கும். ஒரு கிளென்லிவெட்டை 20 மில்லி ஓரமா வச்சுக்கிடுங்க. புகை இல்லாத மால்ட் எப்படி இருக்கும்னு நடுநடுவுல மோந்து பாத்தாத்தான் அளவு பிடிபடும். மொத்தம் 60 மில்லி, அத்தோட அன்னைக்கு முடிச்சிருங்க. பைக்கைத் தொடாதீங்க.

கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுவத்தி எதுவும் அந்த அறையில கூடாது, முந்தின ஒரு மணி நேரத்துக்கும் கூடாது. புகை மோந்து பாக்க உக்காந்துட்டுப் பக்கத்துல வேற புகை போட்டா மூக்கு எதைப் பிடிக்கும்? வெத்தலை, பாக்கு, சிகரெட், பில்டர் காப்பி எல்லாம் பொறவு.

தின்ன உப்பில்லாத வறுத்த கடலை, வெறும் பிரெட். சால்னா பரோட்டா தின்னுட்டு வந்தா மிளகா எரிச்சல்ல நாக்கு மரத்திருக்கும், பாதி ருசி கண்டுபிடிக்க முடியாது. அல்வாவும் அப்படித்தான், நெய் நாக்குல பூசிக்கிடும். ஒப்பீடு முடிஞ்ச பொறவு திங்கதுன்னா வேற விஷயம். ஆர்ட்பெக்குக்கு நெத்திலிக் கருவாடு எண்ணெய் கம்மியா வாட்டினது, கோல் ஈலாவுக்கு உடன்குடிக் கருப்பட்டி சின்ன துண்டு. வேற சிபாரிசு எனக்கு இல்ல.


தேரிக்காடு:

தண்ணீர் பற்றி ஒரு சேர்க்கை. 2017-இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் கணினி மாதிரி ஒன்றைச் செய்தார்கள். ஆல்கஹால் 45% வரை இருக்கும்போது குவாயகால் திரவத்தின் மேற்பரப்புப் பக்கம் ஒதுங்குகிறது. 59%-க்கு மேல் போனால் ஆல்கஹாலால் சூழப்பட்டு உள்ளேயே அமுங்கிவிடுகிறது. மூக்கு முதலில் சந்திப்பது மேற்பரப்பை. அது மாதிரிக் கணக்குதான், தம்ளரில் அளந்தது அல்ல. ஆனாலும் 57.1% உள்ள ஆர்ட்பெக் கோரிவ்ரெக்கன் போன்றவற்றில் தண்ணீர் விட்டதும் புகை ‘திறப்பதை’ அது நன்றாக விளக்குகிறது. உங்கள் 46% பாட்டிலுக்கு அந்த அளவு மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம்.

குளோரின் விஷயத்தில் முக்கார் சொன்னது சரி. ஃபீனாலும் குளோரினும் சேர்ந்தால் குளோரோஃபீனால் உண்டாகும், அது மிக நுண்ணிய அளவிலேயே மருந்து நாற்றம் அடிக்கும்.


கொக்கிரகுளம்:

சோடாவுக்கு யாரும் பதில் சொல்லல. கோல் ஈலாவுக்குத் தாராளமா ஊத்தலாம். 30 மில்லிக்கு 90 மில்லி சோடா, நல்லாக் குளிர்ந்தது, உயரத் தம்ளர், பெரிய ஐஸ் கட்டி ரெண்டு. சோடாவைச் சரிவா மெதுவா ஊத்தி ஒரே ஒரு தடவை கெளறுங்க. எலுமிச்சைத் தோல் ஒரு துண்டு போதும், சாறு பிழியாதீங்க, புளிப்பு புகையைக் கொன்னுரும். வெறும் சோடாதான், பன்னீர் சோடா கிட்டயே கொண்டு வராதீங்க. புகை சோடாவுல நல்லா நிக்கும், நம்ம வெயிலுக்கு இதுதான் ஏத்த முறை. ஆர்ட்பெக்குக்கும் சோடா தப்பில்ல, ஆனா அந்த நீண்ட முடிவு போயிரும், அதுக்குத்தானே காசு கொடுத்தீங்க. ஐஸ் பட்டவுடனே ஆர்ட்பெக் லேசா மங்கும். குளிரவச்சு வடிகட்டாத சரக்குல இருக்க கொழுப்பு அமிலக் கூட்டுகள் குளிர்லயும் தண்ணி கூடுறப்பவும் திரளுதது அது. கெட்டுப்போகல, கலப்படமும் இல்ல.


முண்டந்துறை:

பாட்டில் வைக்குத முறை. ஒயின் மாதிரிப் படுக்க வைக்காதீங்க, நிக்கவேதான் வைக்கணும். 40, 46% சரக்கு கார்க்கைத் தின்னுரும், கார்க் வாசம் விஸ்கிக்குள்ள எறங்கும். மாடி ஓட்டுக்கு அடியில பரண், ஜன்னல் பக்கத்து ஷோகேஸ் ரெண்டும் ஆகாது. கீழ்த்தள அலமாரியில அடித்தட்டு, அட்டைப்பெட்டியோடவே. வெளிச்சம் பட்டா நிறமும் ருசியும் வெளுக்கும்.

திறக்காத பாட்டில் வருஷக்கணக்கா இருக்கும். திறந்ததுக்கு எதிரி வெக்கையை விடக் காத்துதான். முக்கால் பாட்டில் இருக்கவரைக்கும் ஒரு வருஷம்னாலும் பெரிய மாத்தம் தெரியாது. பாதிக்குக் கீழ போச்சுன்னா உள்ள காத்து கூடிரும், பீட் சரக்குல முதல்ல மங்குதது அந்தப் புகையும் மருந்து வாசமுந்தான். மூணு நாலு மாசத்துல முடிச்சிருங்க, இல்லேன்னா 200, 300 மில்லி கண்ணாடி பாட்டில்ல கழுத்து வரை நிரப்பி மாத்தி வைங்க. கண்ணாடிதான், பிளாஸ்டிக் வேண்டாம். ஊறுகா பாட்டிலை எத்தன தடவை கழுவினாலும் மூடியில வாசம் இருக்கும், அதுவும் வேண்டாம்.

மாசத்துக்கு ஒரு தடவை பாட்டிலை ஒரு நொடி சாய்ச்சு கார்க்கை நனைச்சிருங்க. கோடையில காஞ்சுபோன கார்க் திருகும்போது ரெண்டா ஒடியும். ஒடிஞ்சா உள்ள குத்தித் தள்ளாதீங்க, ஸ்க்ரூவால மேல இழுங்க. தூள் விழுந்திருந்தா காப்பி வடிகட்டுத காகிதத்துல வடிச்சு வேற பாட்டில்ல ஊத்திக்கிடுங்க. குடிச்சு முடிச்ச பாட்டில் கார்க்கை எறியாம ஒரு டப்பாவுல போட்டு வச்சா, ஒடிஞ்ச பாட்டிலுக்கு அளவு பாத்துப் போட உதவும்.

மச்சானுக்கு ஒண்ணு சொல்லிருங்க. நடுவுல வேற விமான நிலையத்துல மாறி வாரதா இருந்தா, கடைக்காரன் சீல் வச்ச பையைப் பிரிக்கக் கூடாது. பிரிச்சிருந்தா அடுத்த பாதுகாப்புச் சோதனையில எடுத்துருவாங்க. பெட்டியில போடுததா இருந்தா ஒவ்வொரு பாட்டிலையும் ரெண்டு லுங்கியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல கட்டி, பெட்டி நடுவுல வைக்கச் சொல்லுங்க.